எங்கள் ஊர் இட்டேரிக்குப் பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலை பொருந்துமா?

கேள்வி: கிளுவைவேலி, காங்கயம் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்துக்குத் தெற்கே உள்ள சிறிய ஊராட்சி எங்களுடையது. ஊரிலிருந்து தோட்டத்துச் சாளைகள் (தோட்ட வீடுகள்) வரை செல்லும் இட்டேரி, அதாவது இருபுறமும் வேலியுள்ள தடம், ஒன்றுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் தார் போட்டார்கள். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை இப்போது ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. பால் வண்டி, தேங்காய் லாரி, பள்ளிப் பேருந்து எல்லாம் அதில்தான் போய்வர வேண்டும். சென்ற கிராம சபைக் கூட்டத்தில் இதைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தபோது, பிளாஸ்டிக் கழிவைக் கலந்து போட்டால் சாலையும் உறுதிப்படும், பள்ளத்தோரம் குவிந்து கிடக்கும் குப்பையும் தீரும் என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். உடனே பெரியவர் ஒருவர் எழுந்து, "குப்பைய ரோட்டுல போட்டு மூடிட்டா அது குப்பை இல்லீனு ஆயிருமுங்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் எவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை, எனக்கும்தான்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இவை. இதனால் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, அல்லது வெறும் விளம்பரமா? எங்கள் ஊரில் சேர்கிற கழிவு பெரும்பாலும் தோட்டத்துக் கழிவுதான். மூடாக்கு ஷீட், சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை, தீவன மூட்டைப் பை, இவற்றோடு விசேஷங்களுக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர்கள். இவற்றையெல்லாம் பயன்படுத்த முடியுமா? சாலையை ஒட்டியே பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்கால் ஓடுவதால், தண்ணீருக்குக் கேடு வருமோ என்ற அச்சமும் எங்களுக்கு இருக்கிறது.

பதில் 1: ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், ஈரோடு

பெரியவரின் கேள்வி சரியான கேள்வி. பிளாஸ்டிக் சாலை என்று சொன்னதும், குப்பையைக் கொட்டி அதன்மேல் தார் ஊற்றி மூடுவது போன்ற ஒரு சித்திரம் பலருடைய மனத்தில் எழுகிறது. செய்முறை அதுவன்று என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய உலர்முறைதான் நம் மாநிலத்தில் கையாளப்படுவது. 2002-இல் அக்கல்லூரி வளாகத்திலேயே முதலில் போட்டுப் பார்த்தார்கள். 2006-இல் காப்புரிமை கிடைத்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இந்த முறையில் பிளாஸ்டிக்கைத் தாரில் உருக்குவதில்லை. ஜல்லியை ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் துருவலாக வெட்டிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் அது இளகி, ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதன் பிறகே சூடான தார் சேர்க்கப்படுகிறது.

இதனால் சாலைக்கு என்ன பயன் என்பதற்கு நம் பகுதிக் கல்லையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். கொங்கு நாட்டுக் குவாரிகளில் பெரும்பாலும் கிடைப்பது சிலிக்கா மிகுந்த கருங்கல். இவ்வகைக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம். மழை நீர் மெல்லக் கசிந்து கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்தவுடன் தார் உரிகிறது, ஜல்லி பெயர்கிறது, அந்த இடத்தில் குழி விழுகிறது. உங்கள் இட்டேரியிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் படலம் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் உள்ளே செல்வது குறைகிறது. தாரும் பிளாஸ்டிக்கும் ஹைட்ரோகார்பன் இனத்தவை என்பதால் ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொள்கின்றன. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, தார் எவ்வளவு உரிந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனையில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்.

இனி அளவைப் பார்ப்போம். விளம்பரங்களில் இதைத்தான் எவரும் சொல்வதில்லை. 3.75 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனத்தில் மேல்தளம் போட்டால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 215 டன் கலவை செல்லும். அதில் தார் 5 விழுக்காடு என்று கொண்டால் ஏறத்தாழ 10.8 டன். தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்பது இந்தியச் சாலைகள் பேரவை 2013-இல் வெளியிட்ட எஸ்.பி. 98 வழிகாட்டு நெறி. எட்டு விழுக்காட்டையே எடுத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்குச் சுமார் 860 கிலோதான். உங்கள் 2 கிலோமீட்டருக்கு 1.7 டன். ஓர் உறையின் எடை 5 கிராம் என்றால், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைகள். ஓர் ஊருக்கு இது சிறிய எண்ணிக்கையன்று. ஆனால் சாலையை ஒருமுறைதான் போடுவீர்கள், குப்பையோ நாள்தோறும் சேரும். ஆகவே குப்பை தீர்ந்துவிடும் என்று இளைஞர்கள் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். சாலைக்காகத் தோண்டி எடுக்கும் கச்சா எண்ணெயில் ஒரு பகுதி மிச்சமாகும், எரிக்கப்பட்டிருக்கக்கூடிய கழிவில் ஒரு பகுதி எரியாமல் இருக்கும், அடுத்த பராமரிப்புக்கான காலம் சற்றுத் தள்ளிப்போகும் என்ற அளவில் சொன்னால் அது நேர்மையான கணக்கு.

மற்றொன்றையும் கேளுங்கள். அடித்தளம் கெட்டுப்போன சாலையின் மேல் எந்தத் தளத்தைப் போட்டாலும் நிற்காது. மேல்தளத்தில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்கும் ஊரார், ஓரத்தில் வடிகால் இருக்கிறதா என்று கேட்பதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்கு உப்பியும் வெயிலுக்கு வெடித்தும் நிலமே அசைகிறது. அங்கே மேல்தளத்தால் மட்டும் ஆகக்கூடியது எதுவுமில்லை. உங்கள் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இட்டேரி என்றாலே இருபுற வேலிகளைவிடத் தாழ்ந்து கிடப்பது. மழை நாளில் அதுவே ஓடையாகிவிடும். முதலில் அதற்கு வழி காணுங்கள்.

பதில் 2: கழிவு தரம் பிரிப்பவன், திருப்பூர்

பொறியாளர் ஐயா சாலையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பழைய பொருள் வாங்கித் தரம் பிரித்து விற்கும் தொழிலில் இருக்கிறேன் என்பதால் பொருளைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த பட்டியலைப் படித்ததும், அதில் பெரும்பகுதி சாலைக்கு ஆகாது என்றுதான் தோன்றியது. மனம் தளர வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபிளெக்ஸ் பேனரை முதலில் விலக்கிவிடுங்கள். அது பி.வி.சி. பூசிய துணி. பி.வி.சி.யைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு வெளிவரும். தார்க்கலவை ஆலையில் நிற்கும் தொழிலாளியின் கண்ணையும் மூச்சையும்தான் அது முதலில் தாக்கும். அதனாலேயே பி.வி.சி. எந்த வடிவத்திலும் கூடாது என்று விதியே இருக்கிறது. தண்ணீர்க் குழாய்த் துண்டு, மின்கம்பி உறை, ரெக்சின் ஆகியவையும் இதே வகைதான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக் கூட்டம் என்று நம் ஊர்களில் பேனர் கட்டாத வாரமே இல்லாததால், இது எப்படியாவது மூட்டைக்குள் புகுந்துவிடும். கவனமாக இருக்க வேண்டும்.

சொட்டுநீர்க் குழாய், தீவன மூட்டைப் பை, பால் உறை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைச் சாலையில் போடுவது, என்னைக் கேட்டால், வீண். இவற்றுக்கு விலை இருக்கிறது. குழாயும் பையும் உருக்கப்பட்டு மீண்டும் பிளாஸ்டிக் குருணையாகின்றன. பாட்டில் இழையாகிப் பின்னலாடையாகவே திரும்பி வருகிறது. மறுபடியும் பொருளாகக் கூடியதைச் சாலையில் கரைத்துவிட்டால், அந்தப் பொருளுக்காகப் புதுப் பிளாஸ்டிக்கைத்தான் எங்கோ உற்பத்தி செய்வார்கள். சாலைக்கு அனுப்ப வேண்டியது எவரும் விலைக்கு வாங்காத மெல்லிய உறைகளை மட்டுமே: மளிகைக் கடை உறை, ரொட்டி உறை, ஆடைகளைச் சுற்றிவரும் உறைகளில் கிழிந்தும் அழுக்காகியும் போனவை.

மூடாக்கு ஷீட்டைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அது பாலிஎத்திலீன்தான், மெல்லியதுதான். ஆனால் நிலத்திலிருந்து உருவி எடுக்கும்போது அதன் எடையில் பெரும்பங்கு மண்ணாகவே இருக்கும். துருவலில் மண்ணும் அழுக்கும் 100 கிலோவுக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. மண் ஒட்டிய ஷீட்டை அலசி உலர்த்த ஆகும் தண்ணீரையும் ஆள் கூலியையும் கணக்கிட்டால் கட்டுப்படியாகாது. மேலும், கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பலமுறை உருக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதால் அதைச் சாலைக்கு எடுப்பதில்லை; மூடாக்கு ஷீட் அப்படிப்பட்டதன்று என்று நீங்கள் எடுத்துச்சொன்னாலும் ஆலையில் கேட்கமாட்டார்கள். நிழல்வலை வெயிலில் நைந்து தொட்டால் பொடியாகும் நிலையில்தான் தோட்டத்திலிருந்து வெளியே வருகிறது, அதையும் விட்டுவிடலாம்.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு சொல். திருப்பூரில் கழிவு மலைபோல் கிடக்கிறது, அதை அள்ளிச் சாலை போடலாமே என்று பலர் சொல்கிறார்கள். பனியன் கட்டிங் வேஸ்ட் துணி. அதில் பருத்தி நூற்பாலைக்குப் போகிறது, பாலியஸ்டர் கலந்தது சாலைக்கு ஆகாது. இன்னொரு வேடிக்கை: பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு கடைகளில் துணிப்பை என்று கொடுக்கிறார்களே, தைக்காமல் ஒட்டிய அந்தப் பை துணியன்று, பாலிப்ரொப்பிலீன். அதைத் துணி என்று நம்பி மட்கும் குப்பையில் போடுகிறவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

தரம் பிரிக்கும்போது ஐயம் வந்தால் வாளித் தண்ணீர் போதும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி.யும் பாட்டில் வகையும் மூழ்கும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும் என்பதால், துண்டை நீருக்கடியில் அழுத்தித் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

பதில் 3: வேதியியல் விரிவுரையாளர், கோவை

வாய்க்காலைப் பற்றிய அச்சத்தை எவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். புகை, தேய்மானம் என இரண்டு பகுதிகளாக அதைப் பார்க்கலாம்.

பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் 170 டிகிரிக்குள் இளகும், சிதைவதில்லை. சிதைந்து வாயுவாவதற்கு 270 டிகிரிக்கு மேல் செல்ல வேண்டும். ஆகவே நூறு டிகிரி அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியை நம்பி வெப்பமானியைப் பார்க்காமல் இருக்கும் ஆலையில் என்ன நடக்கும் என்பது வேறு கதை. சுழலும் உருளையின் உள்ளேயே தீ எரியும் டிரம் வகை ஆலையில், பிளாஸ்டிக்கைத் தீயின் பக்கமாகச் சேர்த்தால் அது கல்லில் படியாமல் எரிந்துவிடும். தார் தெளிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தனிக் குழாய் வழியாகத்தான் அதை ஊதிச் செலுத்த வேண்டும். கல்லைத் தனியே சூடாக்கிப் பிறகு கலக்கும் பேட்ச் வகை ஆலையில் இந்த இடர் குறைவு. பள்ளத்தோரம் குப்பையைக் கொளுத்தும்போது எழும் புகையோடு ஒப்பிட்டால், முறையாக இயங்கும் ஆலையின் புகை மிகச் சிறியது. அந்தத் திறந்தவெளித் தீயில்தான் பி.வி.சி.யும் மற்றவையும் சேர்ந்து எரிந்து டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, மேல்தளம் தேயும்போது தார்ப்பொடியுடன் நுண்ணிய பிளாஸ்டிக் துகளும் வெளிவரும் வாய்ப்பை மறுக்க முடியாது. படலம் கல்லோடும் தாரோடும் பிணைந்திருப்பதால் உறை உறையாகப் பிரிந்து வராது என்பது உண்மையே. அதற்காகத் துகளே வராது என்று சொல்வது மிகை. அதே சாலையில் வாகன டயர்களின் தேய்மானமும் துகள்களாக வாய்க்காலில்தான் சேர்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். என் கருத்தில், பி.ஏ.பி. கிளை வாய்க்காலை ஒட்டிய பகுதிக்கு வழக்கமான தாரும் மற்றப் பகுதிக்குப் பிளாஸ்டிக் கலவையும் போடுவதில் தவறேதுமில்லை. முழு நீளத்துக்கும் ஒரே கலவை என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

தண்ணீர்ச் சோதனையில் மூழ்கிய துண்டு பி.வி.சி.தானா என்று உறுதி செய்ய, செம்புக் கம்பியின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி, அத்துண்டில் ஒற்றி எடுத்து, மீண்டும் தீயில் காட்டுங்கள். குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். திறந்த வெளியில், புகை உங்கள் பக்கம் வராதபடி நின்று, சிறு துண்டைக் கொண்டு மட்டும் செய்யுங்கள்.

சாலைக்கும் ஆகாமல், விலைக்கும் போகாமல் மிஞ்சுகிற அலுமினியப் பூச்சு உறைகளையும் மண் ஒட்டிய ஷீட்டையும் சிமென்ட் ஆலைக்கு அனுப்பலாம். மதுக்கரை, சங்ககிரி, புலியூர் என்று நம் பகுதியிலேயே ஆலைகள் இருக்கின்றன. அரைத்துச் சிமென்டாக்கும் கட்டியான கிளிங்கர் உருவாவதற்கு ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பம் வேண்டும் என்பதால், அந்தச் சூளையில் இவை நிலக்கரிக்கு மாற்றாக எரிந்து சாம்பலும் சிமென்டோடு கலந்துவிடும். குளோரின் உள்ளதை அவர்களும் விரும்புவதில்லை என்பதால் ஃபிளெக்ஸ் அங்கும் சிக்கல்தான். அதற்கு ஒரே வழி, பேனரைக் கட்டாமல் இருப்பது.

கிளுவைவேலி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அந்தப் பெரியவரைக் கட்டுத்தரையில் பார்த்து, கல்லின்மேல் படலமாகப் படிவதையும் கிலோமீட்டருக்கு 860 கிலோ என்ற கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, தார்ல போறது போகட்டும். ஆனா அந்தச் சிறுபாலத்துல மண்ணு அடைச்சு மூணு வருசமாச்சே, அத யாரு எடுக்கறது?" என்றார். பொறியாளர் ஐயா வடிகாலைப் பற்றி எழுதியது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

தூய்மைக் காவலர்களிடமும் பேசினேன். வீடுகளிலிருந்து உறைகளைத் தனியாக வாங்க அவர்கள் அணியமாக இருக்கிறார்கள். ஆனால் சேர்த்து வைக்க மழை படாத கூடம் இல்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம். துருவும் இயந்திரத்தை நாங்களே வாங்க வேண்டுமா? வேலை நடக்கும் நாளில், ஒப்பந்ததாரர் உண்மையிலேயே பிளாஸ்டிக்கைச் சேர்த்தாரா என்று ஊரார் எப்படித் தெரிந்துகொள்வது?

கழிவு தரம் பிரிப்பவன், திருப்பூர்

1.7 டன்னுக்காக இயந்திரம் வாங்க வேண்டாம். கத்தி மழுங்குவது, மின்கட்டணம், ஓட்டத் தெரிந்த ஆள் என்று அது தனித் தொழில். அக்கம்பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து ஒன்றியத்துக்கு ஒன்று என்று வைத்து, மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைத்தால் நடக்கும். நீங்கள் உறைகளைப் பிரித்து உலர்த்திக் கட்டுகளாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. துருவிய பிறகு அது பஞ்சுபோல இடத்தை அடைக்கும், சிறு காற்றுக்கும் பறக்கும். ஆகவே ஆலைக்கு அனுப்பும் வாரத்தில்தான் துருவ வேண்டும். ஈரம் மட்டும் இருக்கவே கூடாது.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், ஈரோடு

கலவை போட்டு முடிந்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஆலையிலேயே பாருங்கள். துருவல் மூட்டைகளை எடைபோட்டு எண்ணி, வேலை தொடங்குமுன் எத்தனை, முடிந்தபின் எத்தனை என்று இருதரப்பும் கையெழுத்திட்ட பதிவேடு ஒன்று இருக்கட்டும். ஜல்லியின் வெப்பத்தை அளக்கும் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். 170-ஐத் தாண்டினாலோ கரும்புகை எழுந்தாலோ நிறுத்தச் சொல்லுங்கள். சாலையில் விரிக்கும்போது கலவை 140 டிகிரிக்குக் குறையாமலும், ரோலர் ஓட்டி முடிக்கையில் 90-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆலை தொலைவில் இருந்து லாரி தார்ப்பாய் மூடாமல் வந்தால் அந்தச் சூடு நிற்காது. மதிப்பீட்டிலேயே பிளாஸ்டிக் கலவை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

பெரியவர் சொன்ன சிறுபாலத்தை ஐப்பசி மழைக்கு முன்னால் தூர்வாரிவிடுங்கள். அந்த மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, தார் வேலையைத் தை பிறந்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.